ஆள் கூடியதும் வேலை ஏன் சிக்குகிறது? வளரும் நிறுவனத்தை ஒழுங்குபடுத்த வந்திருக்கும் புதியவருக்கு

ஐந்து பேர் வேலை செய்யும் இடத்தில் நடைமுறை என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை. ஒருவர் போனில் பேசுவது மற்ற நால்வர் காதிலும் விழும். "அந்த ஆர்டர் போயாச்சா?" என்று கேட்டால் யாராவது தலையைத் தூக்கிப் பதில் சொல்லிவிடுவார். அதே நிறுவனம் இருபது பேராக வளர்ந்ததும் அதே கேள்விக்குப் பதில் வர அரை நாள் ஆகிறது. இதற்குள் யாரும் சோம்பேறியாகிவிடவில்லை. ஐந்து பேர் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 இணைப்புகள் போதும். பத்துப் பேருக்கு 45, இருபது பேருக்கு 190, முப்பது பேருக்கு 435. ஆள் ஆறு மடங்கு கூடினால் பேச வேண்டிய வழிகள் நாற்பது மடங்குக்கு மேல் கூடுகின்றன. மென்பொருள் துறைக்காரரான பிரெட் புரூக்ஸ் 1975-லேயே இந்தக் கணக்கைக் காட்டி, ஏற்கெனவே தாமதமாகிவிட்ட வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று எழுதினார்.

பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, "இதையெல்லாம் கொஞ்சம் ஒழுங்கு பண்ணுங்க" என்று பொறுப்பைக் கொடுப்பார்கள். அந்த ஒருவர் நீங்கள் என்றால் மேலே படியுங்கள்.

இப்படிப் பொறுப்புக்கு வருபவர்கள் வழக்கமாக இரண்டு காரியம் செய்வார்கள். வேலை தாமதமாகிறதா, ஒரு புது மென்பொருள் வாங்குவார்கள். ஆட்கள் சோர்ந்திருக்கிறார்களா, உற்சாகப் பேச்சாளர் ஒருவரை அழைப்பார்கள். வேலை ஒரு கோப்பு, ஊழியர் நலன் இன்னொரு கோப்பு என்று பிரித்து வைத்துக்கொண்டால் இரண்டும் நகராது. தகவலுக்காகக் காத்திருப்பது, செய்ததையே திரும்பச் செய்வது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் விழிப்பது, இழந்த நேரத்தை ஈடுகட்ட இரவில் உட்காருவது: ஆட்களை அரிப்பவை பெரும்பாலும் இவைதான். இவை எல்லாமே வேலை ஓடும் விதத்தில் இருக்கும் கோளாறுகள். எனவே வேலையின் ஓட்டத்தைத் தொட்டால் இரண்டு கோப்புகளும் ஒன்றாக நகரும். கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்த ஒரே எண்ணத்தில் வந்தவை.

முதல் படி: எதையும் மாற்றாமல் ஒரு வேலையின் பின்னால் போங்கள்

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கவும் அவசரம் வேண்டாம். கூட்டத்தில் எல்லாரும் வேலை எப்படி நடக்க வேண்டுமோ அதைத்தான் சொல்வார்கள். அது எப்படி நடக்கிறது என்பது வேறு கதை. டொயோட்டாவின் உற்பத்தி முறையை வடிவமைத்த தாய்ச்சி ஓனோ, தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நின்று வேலையைப் பார்க்கும்படி மேலாளர்களிடம் சொல்வாராம். மணிக்கணக்காக நிற்க வேண்டியதில்லை. ஆனால் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

எந்த வேலையை எடுப்பது? அடிக்கடி நடப்பதாக இருக்க வேண்டும், பலர் கை மாறுவதாக இருக்க வேண்டும், அதைப் பற்றி ஏற்கெனவே முணுமுணுப்பு இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தும் ஒன்றே ஒன்று போதும். உதாரணத்துக்கு, வாடிக்கையாளர் கேட்டதும் கொட்டேஷன் அனுப்பும் வேலையை எடுத்துக்கொள்வோம்.

பின்னால் போகும்போது சம்பந்தப்பட்டவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "உங்களை அளக்க வரலை. இந்தக் கொட்டேஷன் எங்கெல்லாம் போகுதுன்னு பார்க்க வந்திருக்கேன்." இதைச் சொல்லாமல் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் போய் நின்றால், அன்றைக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

நீங்கள் பார்ப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும். திங்கள் காலை 10 மணிக்கு மின்னஞ்சல் வருகிறது. விற்பனைப் பிரிவில் இருப்பவர் பத்தரைக்குத் திறந்து பார்க்கிறார். சரக்கு இருக்கிறதா என்று தெரிய வேண்டும், கிடங்குக்குப் போன் போடுகிறார், எடுக்கவில்லை. வாட்ஸ்ஆப்பில் கேட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறார். மூன்று மணிக்குப் பதில் வருகிறது, ஆனால் அவர் அதை நாலரைக்குத்தான் பார்க்கிறார். போன மாதம் வேறொருவருக்கு அனுப்பிய பழைய கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, விலையை மாற்றி, மேலாளருக்கு அனுப்புகிறார். மேலாளர் மறுநாள் முழுக்கக் கூட்டத்தில். புதன் காலை அவர் பார்த்து, "தள்ளுபடியை ஒரு சதவீதம் குறைங்க" என்று திருப்புகிறார். திருத்தி அனுப்பும்போது மதியம். வாடிக்கையாளர் கூப்பிடுகிறார்: "என்னங்க, இதில் வேற கம்பெனி முகவரி இருக்கு?"

இதை ஒரு தாளில் இடமிருந்து வலமாக எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண்கள்: கை வேலையில் இருந்த நேரம், சும்மா கிடந்த நேரம். கை வேலையெல்லாம் சேர்த்தால் நாற்பது நிமிடம் தேறலாம். மீதி இரண்டரை நாளும் அந்தக் கொட்டேஷன் யாருடைய பெட்டியிலோ தூங்கியிருக்கிறது. அலுவலக வேலைகளில் இந்த விகிதம் சாதாரணம். அதனால்தான் "எல்லாரும் இன்னும் வேகமாக வேலை பாருங்கள்" என்று சொல்வதில் பயன் இல்லை. நாற்பது நிமிடத்தை முப்பது ஆக்கினாலும் வாடிக்கையாளருக்கு அது தெரியப்போவதில்லை. தெரியப்போவது அதைச் செய்பவரின் தோள்வலி மட்டும்தான்.

இரண்டாவது: கையில் இருக்கும் வேலையின் எண்ணிக்கையைக் குறையுங்கள்

இது கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி. இங்கே சறுக்கினால் மற்றது எதுவும் நிற்காது.

ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்த ஒரு சின்ன விதி இருக்கிறது. கையில் இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையை, ஒரு நாளில் முடியும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போகச் சராசரியாக எத்தனை நாள் ஆகும் என்பது கிடைக்கும். பிரிவில் 60 கோரிக்கைகள் தேங்கியிருக்கின்றன, நாளுக்கு 12 முடிகின்றன என்றால், ஒவ்வொன்றுக்கும் 5 நாள். யாரையும் விரட்டாமல் அந்த 60-ஐ 24 ஆக்க முடிந்தால் 2 நாள். எப்படி ஆக்குவது? புதிதாகத் தொடங்குவதை நிறுத்திவைத்து, தொடங்கியதை முடிப்பது. ஒருவர் கையில் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று ஒரு வரம்பு. தேவையே இல்லாமல் கிடக்கும் பழைய கோரிக்கைகளை, கேட்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூடுவது. தேங்கியதில் ஒரு பங்கு இப்படியே போய்விடும்; கேட்டவருக்கே அது மறந்திருக்கும்.

இதைவிட முக்கியமான இன்னொரு கணக்கு உண்டு. வேலை எப்போது வரும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாத இடங்களில், ஒருவருடைய நேரத்தை எவ்வளவு நிரப்புகிறோமோ அதைவிட மிக வேகமாகக் காத்திருப்பு ஏறும். வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் எளிமையான மாதிரியை எடுத்தால், ஒருவரின் நேரம் 50% நிரம்பியிருக்கும்போது, ஒரு வேலை தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரம் அதைச் செய்யும் நேரத்துக்குச் சமம். 80% ஆனால் 4 மடங்கு. 90% ஆனால் 9 மடங்கு. 95% ஆனால் 19 மடங்கு. அரை மணி நேர வேலை ஒன்று, 80% நிரம்பியவரிடம் 2 மணி நேரம் காத்திருக்கும். 95% நிரம்பியவரிடம் ஒன்பதரை மணி நேரம், அதாவது ஒரு முழு வேலை நாளுக்கு மேல்.

வளரும் நிறுவனங்களில் "எல்லாரும் ஃபுல்லா பிஸி" என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். மேலே உள்ள எண்களைப் பார்த்தபின் அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது. முழுக்க நிரம்பிய ஆளிடம் ஒரு சின்ன அவசர வேலை வந்தாலும் அது அவருடைய மாலை நேரத்துக்குத்தான் போகும். போக வேறு இடம் இல்லை. அந்த மாலை நேரங்கள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல்.

நடைமுறையில் என்ன செய்யலாம்: ஒவ்வொருவரின் வாரத்தையும் ஐந்தில் நான்கு பங்கு வரைக்குமே திட்டமிடுங்கள். மிச்சம் இருக்கும் பங்கை எதற்கும் ஒதுக்காதீர்கள். எதிர்பாராதது வந்தால் அது அங்கே போய் உட்காரும். வராவிட்டால் கீழே சொல்லியிருக்கும் சீரமைப்பு வேலைகளுக்கு ஆகும். நிறுவனத்தின் முதலாளிக்கு இது வீண்செலவாகத் தெரியும். அவரிடம் ஆறுதல் வார்த்தை பேசுவதைவிட அந்த 4, 9, 19 எண்களைக் காட்டுவது எளிது.

மூன்றாவது: ஒப்புதல்களை எண்ணிப் பாருங்கள்

கொட்டேஷன் உதாரணத்தில் மிக நீளமாகத் தூங்கிய இடம் மேலாளரின் பெட்டி. சிறியதாக இருந்த காலத்தில் எல்லாவற்றையும் ஒருவரே பார்த்து ஒப்புதல் கொடுத்திருப்பார். அது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். இதைப் பற்றி வாதம் செய்யாதீர்கள், எண்ணுங்கள். கடைசி 50 ஒப்புதல்களை எடுத்து, அவற்றில் எத்தனை மறுக்கப்பட்டன, எத்தனை உருப்படியாக மாற்றப்பட்டன என்று பாருங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் அந்த ஒப்புதலால் கட்டுப்பாடு எதுவும் வரவில்லை, தாமதம் மட்டுமே வருகிறது.

பிறகு வரம்பு வையுங்கள். இந்தத் தொகைக்குள், இந்தத் தள்ளுபடிக்குள் என்றால் விற்பனையாளரே அனுப்பலாம். வார இறுதியில் மேலாளர் பட்டியலை மட்டும் பார்த்தால் போதும். அதற்கு மேல் போனால்தான் முன்கூட்டியே கேட்க வேண்டும். வரம்பைத் தொடக்கத்தில் சிறியதாக வைத்து, ஒரு மாதம் கழித்து உயர்த்தலாம். முக்கியமான ஒன்று: வரம்புக்குள் எடுத்த முடிவு தவறாகப் போனால், எடுத்தவரைக் குடையக் கூடாது. ஒரே ஒரு முறை குடைந்தால் போதும், மறுநாளிலிருந்து எல்லாம் பழையபடி மேலாளர் பெட்டிக்கு வந்துவிடும்.

ஊழியர் நலனில் இதற்கு இருக்கும் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரியது. வேலைச் சூழலை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-ல் வைத்த வாதம்: வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை நசுக்குவதில்லை, வேலையும் அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது என்பதில் தன் கையில் எந்த முடிவும் இல்லாமல் இருப்பதுதான் நசுக்குகிறது. பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1985-ல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வும் இதே திசையைக் காட்டியது. தன் வேலைமீது கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது. ஆக, ஒரு விற்பனையாளருக்கு இரண்டு சதவீதத் தள்ளுபடியைத் தானே முடிவு செய்யும் உரிமை கொடுப்பதும் ஒரு நலத்திட்டம்தான். செலவும் இல்லை.

நான்காவது: ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள்

நாற்பது பக்கக் கையேட்டை யாரும் படிப்பதில்லை. எழுதியவரே இரண்டாம் முறை திறப்பதில்லை. ஒரு வேலைக்கு ஒரு பக்கம். எப்போது தொடங்குகிறது, யார் செய்கிறார், எந்த வரிசையில், எப்போது முடிந்ததாகக் கொள்வது. மேலே தேதி, அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பானவர் பெயர்.

எழுத வேண்டியவர் அந்த வேலையைத் தினமும் செய்பவர். நீங்கள் எழுதினால் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. எழுதியதைச் சோதிக்க, அந்த வேலையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, கேள்வி கேட்காமல் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று விழிக்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது. புதிதாகச் சேர்ந்தவரின் முதல் வாரத்தை இதற்குப் பயன்படுத்தலாம். அவருக்கும், வந்த வாரமே ஏதோ உருப்படியாகச் செய்தோம் என்று இருக்கும்.

நன்றாகத் தெரிந்தவர்களுக்கு எதற்குப் பட்டியல் என்று சிலர் கேட்பார்கள். 1935-ல் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம், மாடல் 299, சோதனையின்போது மேலே கிளம்பியதும் விழுந்தது. ஓட்டியவர் அனுபவசாலி. தரையில் நிற்கும்போது வாலில் உள்ள அசையும் பாகங்கள் காற்றில் ஆடாமலிருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் பரவலானது. உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்காகத் தயாரித்த பட்டியலில் இருப்பவை 19 வரிகள். கொட்டேஷனுக்கு ஐந்து வரி போதும், அதில் ஒன்று, "பெயர், முகவரி: இந்த வாடிக்கையாளருடையதா?"

ஐந்தாவது: தவறு நடந்தால் முதல் வார்த்தை என்ன?

கொட்டேஷனில் வேறு நிறுவனத்தின் முகவரி போய்விட்டது. "கவனமா இருக்கக் கூடாதா?" என்று கேட்பது எளிது, அதற்குப் பதிலும் எளிது: "இனிமே பார்த்துக்கறேன்." அத்தோடு விஷயம் முடிந்துவிடும், அடுத்த மாதம் வேறொருவர் அதே தவறைச் செய்வார். டொயோட்டாவில் பழகிய முறை, "ஏன்?" என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போவது. ஏன் பழைய முகவரி இருந்தது? பழைய கோப்பை நகல் எடுத்தார். ஏன்? புதிய பொருள்களுக்கு ஏற்ற வெற்று மாதிரி இல்லை. ஏன்? இருக்கும் மாதிரி நிறுவனம் தொடங்கிய காலத்தது. ஏன் மாற்றவில்லை? அது யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. இங்கே நிறுத்தலாம். ஐந்து முறை கேட்கச் சொல்வார்கள். நான்கில் கிடைத்தால் நான்கே போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பதில் ஒரு ஆளின் பெயரில் போய் முடிந்தால், நீங்கள் இன்னும் ஒரு "ஏன்" பாக்கி வைத்திருக்கிறீர்கள்.

தவறைச் சொன்னவரிடம் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல்லைப் பொறுத்துத்தான் அடுத்த தவறு உங்கள் காதுக்கு வருமா என்பது இருக்கிறது. ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகளின் எண்ணிக்கை கூடுதலாகப் பதிவாகியிருந்ததைப் பார்த்தார். அந்தக் குழுக்களில் பயமில்லாமல் வெளியே சொல்லிவிடுகிறார்கள் என்பதே அவர் கண்டுகொண்ட விளக்கம். டொயோட்டா ஆலைகளில் வேலையாளுக்கு மேலே ஒரு கயிறு தொங்கும். ஏதாவது சரியில்லை என்றால் அவர் இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். கயிற்றைவிட அந்தக் குழுத் தலைவர் வருவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். புகார்ப் பெட்டி வைத்துவிட்டு யாரும் திறக்காமல் இருப்பதைவிடப் பெட்டியே இல்லாமல் இருப்பது மேல்.

"சொன்னது நல்லதாச்சு. இப்போ யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கு, முதல்ல அதைப் பார்ப்போம்." இப்படி ஒரு வரி போதும். விசாரணை அப்புறம்.

லீவுப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

இது யாரும் சொல்லித்தராத வழி, நிறையக் காட்டிக்கொடுக்கும். கடந்த ஓர் ஆண்டில் லீவே எடுக்காதவர் யார்? அவரைப் பாராட்டுவதற்கு முன், அவர் ஏன் எடுக்கவில்லை என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் இல்லாவிட்டால் நிற்கும் வேலை ஒன்று இருக்கும்.

ஒரு கட்டம் போடுங்கள். இடப்பக்கம் முக்கியமான வேலைகள், மேலே ஆட்களின் பெயர்கள். தனியாகச் செய்யத் தெரிந்தால் ஒரு புள்ளி. ஒரே ஒரு புள்ளி இருக்கும் வரிசைகள் எல்லாம் நிறுவனத்துக்கு ஆபத்து, அந்த ஆளுக்கோ பாரம். காய்ச்சலோடு படுத்திருக்கும்போதும் அவருக்குப் போன் வரும். அடுத்த மூன்று மாதத்தில் அந்த வரிசைகள் ஒவ்வொன்றிலும் இரண்டாவது புள்ளி விழ வேண்டும். நான்காவது படியில் எழுதிய பக்கங்கள் இங்கே கைகொடுக்கும். இரண்டாவது ஆள் உண்மையிலேயே கற்றுக்கொண்டாரா என்று பார்க்க ஒரே வழி, முதல் ஆள் ஒரு வாரம் லீவில் போவது, போனை எடுக்காமல். சிலர் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தனக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான் தன் வேலைக்குப் பாதுகாப்பு என்று அவர்கள் நினைப்பார்கள்; அந்தப் பயம் நியாயமானதுதான். கற்றுக்கொடுப்பதையும் அவருடைய பொறுப்பில் ஒன்றாக எழுதி, அதற்கும் மதிப்பு உண்டு என்று காட்டினால்தான் அது இறங்கும்.

செய்திகள், கூட்டங்கள்

இவற்றைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகப் போய்விடலாம். எது எந்த வழியில் வர வேண்டும் என்று ஒரு முறை பேசி முடிவு செய்யுங்கள்: இப்போதே வேண்டும் என்றால் போன், இன்றைக்குள் என்றால் குழுச் செய்தி, மற்றது மின்னஞ்சல். இது இல்லாத இடத்தில் எல்லாச் செய்தியும் அவசரச் செய்தியாகவே வந்து விழும். இரவு பத்து மணிக்கு உங்களுக்கு ஒரு யோசனை வந்தால் எழுதுங்கள், காலை ஒன்பதுக்குப் போகும்படி நேரம் குறித்து வையுங்கள். "உடனே பதில் வேண்டாம்" என்று சேர்த்து அனுப்புவதில் பயன் குறைவு. மேலதிகாரியிடமிருந்து வந்த செய்தியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்கள் குறைவு. கூட்டம் என்றால் எதை முடிவு செய்யப்போகிறோம் என்று ஒரு வரி எழுத முடிய வேண்டும். எழுத வரவில்லையா, கூட்டம் வேண்டாம்.

தனித்தனியாகப் பேசுங்கள், ஆனால் மருத்துவர் ஆகாதீர்கள்

மாதம் இரண்டு முறை, ஒருவரோடு அரை மணி நேரம். வேலை நிலவரம் கேட்பதற்கான நேரம் இல்லை இது. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்: இந்த இரண்டு வாரத்தில் எந்த வேலை உங்களை வீணாக இழுத்தடித்தது? எதைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது? எதை நிறுத்தினால் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வரும். ஒரு காலத்தில் யாரோ கேட்டார் என்று தயாரிக்கத் தொடங்கி, அவர் போனபின்னும் வாராவாரம் அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கும் அறிக்கை ஒன்றாவது எல்லா நிறுவனத்திலும் இருக்கும். சொன்னவற்றில் ஒன்றையாவது அடுத்த சந்திப்புக்குள் சரிசெய்து காட்டுங்கள். இல்லையென்றால் மூன்றாவது சந்திப்பிலிருந்து மறுபடி "நல்லா இருக்கேன்" வந்துவிடும்.

வேலைச் சோர்வு முற்றிய நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டில், நோயாக அல்லாமல், வேலை சார்ந்த நிலையாக விளக்கியது. அதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, தான் செய்வது எதற்கும் உதவவில்லை என்ற எண்ணம். அன்றாடத்தில் இது எப்படித் தெரியும்? நன்றாக வாதாடிக்கொண்டிருந்தவர் "சரி, சொல்றபடி செய்யறேன்" என்று அமைதியாகிவிடுவார். சின்னத் தவறுகள் கூடும். கிண்டல் கசப்பாக மாறும். இதைப் பார்த்தால், உங்களால் செய்யக்கூடியது அவர் மேசையிலிருந்து எதையாவது எடுப்பது. எதை எடுக்கலாம் என்று அவரிடமே கேட்டு எடுப்பது. உடல், மனநலச் சிகிச்சை தேவைப்படும் என்று தோன்றினால் அதற்குரியவர்களிடம் போக நேரமும் வழியும் கொடுங்கள். ஆலோசனை சொல்லும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதை அளப்பது

மூன்று எண்கள் போதும். ஒரு வேலை உள்ளே வந்து முடிய எத்தனை நாள். முடிந்தவற்றில் எத்தனை திருத்தத்துக்குத் திரும்பி வந்தன. வேலை நேரத்துக்கு வெளியே எத்தனை மணி நேரம் போனது. மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முதல் எண் இறங்கி மூன்றாவது எண் ஏறியிருந்தால் நீங்கள் எதையும் சீராக்கவில்லை, ஆட்களின் மாலை நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த எண்களை ஆள் பெயரோடு போடாதீர்கள், பரிசோடும் இணைக்காதீர்கள். பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் சுருக்கிச் சொன்ன வடிவம் எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தும்: ஓர் அளவையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பது நின்றுவிடும். புகாரை 24 மணி நேரத்தில் மூடினால் பரிசு என்று அறிவித்துப் பாருங்கள். எல்லாப் புகாரும் 24 மணி நேரத்தில் மூடப்படும். பாதி மறுநாள் வேறு எண்ணில் திறக்கப்படும்.

ஒரு நேரத்தில் ஒன்று

இத்தனையையும் ஒன்றாகத் தொடங்கினால் நீங்கள்தான் முதலில் சோர்வீர்கள். ஒரு மாற்றம், இரண்டு வாரச் சோதனை. தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "ரெண்டு வாரம் பார்ப்போம், சரிவரலைன்னா பழையபடி போயிடலாம்." இதைச் சொன்னால் எதிர்ப்பு பாதியாகக் குறையும். சொன்னபடி சரிவராததைக் கைவிடவும் வேண்டும். அதை ஒரு முறை பார்த்துவிட்டால்தான் அடுத்த சோதனைக்கு ஆட்கள் மனசாரச் சம்மதிப்பார்கள்.

மென்பொருள் கடைசியில்தான் வர வேண்டும். தாளில் ஓடாத நடைமுறை திரையிலும் ஓடாது. கையால் ஒரு மாதம் சரியாக ஓடியபின் வாங்கினால் என்ன வாங்க வேண்டும் என்பதும் தெரியும்; பாதி வசதிகள் தேவையில்லை என்பதும் தெரியும். ஆள் சேர்ப்பதும் அப்படியே. புதியவர் வந்த முதல் சில வாரங்களில் அவருக்குச் சொல்லிக்கொடுப்பவரின் நேரமும் போகும் என்பதால், வேலை முதலில் மெதுவாகும். இதைக் கணக்கில் வைத்து, நெருக்கடி வருவதற்கு முன்பே ஆள் எடுக்க வேண்டும்.

இரண்டு மூன்று மாதம் கழித்து, முதல் வாரம் செய்ததுபோல அதே வேலையின் பின்னால் மறுபடி ஒரு முறை போங்கள். எழுதிவைத்த பக்கத்துக்கும் நடப்பதற்கும் இடைவெளி விழுந்திருக்கும். யாரும் மீறவில்லை, வேலை மாறியிருக்கும், அதற்கேற்ப அவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருப்பார்கள். குறுக்கு வழி நன்றாக இருந்தால் பக்கத்தைத் திருத்தி, கண்டுபிடித்தவரின் பெயரையே பொறுப்பாளராகப் போடுங்கள். அதே சமயம் ஒரு பழைய படிவத்தையோ அறிக்கையையோ எடுத்துவிடுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் பழையது ஒன்று போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு ஐம்பது பேர் ஆகும்போதும் அந்தப் பக்கங்கள் ஒரு மெல்லிய கோப்புக்குள் அடங்கும்.